உள்பக்கத் தாழ்ப்பாள்

அன்புள்ள மனைவிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை வழக்கம்போல் நடக்கிறது. மகளும் பேத்தியும் என்னோடு சௌக்கியம். மூளை அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதமாகப் பேத்திக்கு வலிப்பு வரவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், பயப்படாதே. மகள் வேலைக்குப் போயிருந்தாள். குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது பேத்திக்கு நாம் வைத்த சட்டம்தானே? நேற்று போட்டுவிட்டாள். குவளை விழுந்த சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும். கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவைப் படபடவென்று தட்டினேன்.

"என்ன தாத்தா, கதவ ஒடச்சிடாதீங்க! தலைக்கு ஊத்திட்டிருந்தேன், காதுல விழல."

"தாழ்ப்பாள எதுக்கும்மா போட்ட?"

"பத்து வயசாச்சு தாத்தா. தொறந்து போட்டுட்டா குளிப்பாங்க?"

மருத்துவர் ஒவ்வொரு முறையும் தரும் படிவத்தில், 'குழந்தை தன் வேலைகளைத் தானே செய்கிறதா?' என்று ஒரு கேள்வி. இதுவரை 'இல்லை' என்றே எழுதினேன். அதற்குக் காரணம் அவளா, நானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. தாழ்ப்பாளைக் கழற்றத் திருப்புளியும் எடுத்து வைத்திருக்கிறேன். கழற்றட்டுமா? உன்னைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை.

என் பழைய சால்வையை அனுப்பு. கூடவே உன் கையால் ஒரு பக்கம் எழுதி வை, எதைப் பற்றியானாலும் சரி.

இதோ, குளிக்கப் போய்விட்டாள். தாழ்ப்பாள் விழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை, எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள். தண்ணீர் விழுகிறது. இப்போது நின்றுவிட்டது.

பாடுகிறாள்.

உன் பதில் வருமுன்பே திருப்புளியைப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அவசரத்தில்,
உன் கணவன்