கொம்பில்லாத கொட்டில்

பிப்ரவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடியிருக்கலாம். ஆனால் ஒரு சந்தேகம் கேட்க வேண்டியிருக்கிறது. போனில் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீ கால்நடை ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கூடத்தில் இருப்பவள், உனக்குத் தெரியாமல் இருக்காது.

சந்தேகம் எனக்கில்லை, பக்கத்து வீட்டுக்காரிக்கு. வெள்ளாடு வளர்க்கிறாள். பெட்டைக் குட்டி என்று நினைத்து வளர்த்தது, பெரிதான பிறகு பெட்டையாகவும் இல்லை, கிடாவாகவும் இல்லை. மடி வைக்கவில்லை, சினையும் பிடிக்கவில்லை. கிடா மாதிரி மற்ற ஆடுகள் மேல் ஏறுகிறது. பின்பக்கத்தைப் பார்த்தால், அதை எப்படி எழுதுவது, உனக்கே புரியும். முன்பு எப்போதாவது ஒன்று அப்படிப் பிறக்கும். இந்தத் தடவை பெட்டைகளில் பாதி அப்படி. அவளிடம் வாங்கிப் போன ஒருவர் ஆட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் கட்டிவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி, "என்னம்மா இது ரெண்டுங்கெட்டானா இருக்கு? தெரிஞ்சேதான் என் தலையில கட்டினீங்களா?" என்று கேட்டாராம். பாவம், அதிலிருந்து அவள் பால் ஊற்றக்கூட வெளியே போவதில்லை.

இதற்கு மருந்து ஏதாவது உண்டா? அவசரமில்லை. சீக்கிரம் எழுது.

அன்புடன்,
அத்தை

பிப்ரவரி 17

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது! உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

உங்கள் பக்கத்து வீட்டில் இருப்பது தையல்காரம்மா. ஆடு கத்தினாலே மிஷினை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துகிறவர். அவர் ஆடு வளர்க்க ஆரம்பித்திருந்தால் அப்பா எனக்குப் போன் போட்டுச் சிரித்திருப்பார். போகட்டும், அவரிடமே சொல்லிவிடுங்கள்.

இது யார் சாபமும் இல்லை, தீவனக் கோளாறும் இல்லை. பரம்பரையாக வரும் குறை. கொம்பே முளைக்காத மோழை ஆடும் மோழைக் கிடாவும் சேர்ந்தால் வருவது. கொம்பை முளைக்கவிடாத அந்த மரபுக்கூறு தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் ஒரே குட்டிக்கு வந்து சேர்ந்தால், பிறப்பது பெட்டையானால், தாய் வயிற்றுக்குள்ளேயே அதன் சினைப்பை கெட்டு, பாதி கிடா மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு பக்கமிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் ஆகாது. அதனால் மருந்து கிடையாது, ஆனால் வழி உண்டு. மோழைக் கிடாவை அனுப்பிவிட்டுக் கொம்புள்ள கிடா ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு பிறப்பதில் ஒன்றுகூட இப்படி இருக்காது.

அது சரி, தையல்காரம்மா கொம்புள்ள ஆடே இல்லாமல் ஏன் வளர்க்கிறார்? அழகுக்காகவா?

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே பழைய மைக்ரோஸ்கோப். எல்லோரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவஸ்தைப்படுகிறார்கள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

அன்பு மருமகள்

மார்ச் 2

அன்புள்ள மருமகளுக்கு,

ஆடுகள் என்னுடையவைதான். பொய் எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மானம் போகிறது.

மைக்ரோஸ்கோப் பற்றி நீ எழுதியதை மாமா சத்தமாகப் படித்துச் சிரித்தார். நான் எழுந்து கொட்டிலுக்குப் போய்விட்டேன்.

அழகுக்காகவா என்று கேட்டிருந்தாய். தெரிந்துதானே கேட்டாய்? லீவுக்கு வந்திருந்த சின்னப் பிள்ளை நீ. என் கிடாவுக்குத் தழை கொடுக்கக் குனிந்தாய். அது தலையை ஆட்டியது, அவ்வளவுதான். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அந்த வாரமே கொம்புள்ளது அத்தனையையும் விற்றேன். அன்றிலிருந்து மோழையாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். இப்போதிருக்கும் கிடாவும் இங்கேயே பிறந்ததுதான். ஒவ்வொரு மோழைக் குட்டி பிறக்கும்போதும் உனக்காக ஏதோ செய்துவிட்ட மாதிரி மனது ஆறும். கடைசியில் நான் செய்ததுதான் அந்த வாயில்லாத ஜீவன்களை இப்படி ஆக்கியிருக்கிறது என்கிறாய்.

"நான் வேணும்னா கொம்பு வச்சது ஒண்ணைப் பிடிச்சுட்டு வரட்டுமா?" என்று மாமா கேட்டார். அன்று நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. என்னால் முடியாது. கொம்புள்ள ஒன்று அந்த வாசலுக்குள் நுழைந்தால் நான் எப்படி அங்கே நிற்பேன்? ஊசி கீசி ஏதாவது இருந்தால் மட்டும் எழுது. இல்லாவிட்டால் எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறேன்.

அத்தை

மார்ச் 10

அத்தைக்கு,

ஊசி இல்லை.

கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்காக என்று சொல்லி இவ்வளவு காலம் ஆடு சேர்த்திருக்கிறீர்கள். நான் கேட்டேனா? அன்று அந்தக் கிடா வேண்டுமென்று குத்தவும் இல்லை, நீங்கள் ஏவவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அத்தை வருவார், மடியில் போட்டுக்கொள்வார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பழம் கொடுத்தனுப்பினீர்கள். அண்ணன் கல்யாணத்தில் என் எதிரே வந்து, என் காதைப் பார்த்து, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விட்டீர்கள். கண் போனதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அத்தை போனதைத்தான் விட முடியவில்லை.

அந்தக் குட்டிகள் மேல் என் பெயரை ஏற்றாதீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மருமகள்

மார்ச் 27

என் கண்ணே,

இப்படி எழுதலாமா கூடாதா என்று தெரியாமல் எழுதிவிட்டேன், அடித்து அழிக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் பஸ் ஏறினேன். மாமாவிடம் தீவனம் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். விசாரித்து விசாரித்து உன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் நீ வெளியே வந்தாய். நீலத் துப்பட்டா. கூட வந்த பெண் ஏதோ சொல்ல, நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். அப்படியே உன் அப்பா சிரிப்பு. கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். இந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் முன்னால் என்ன சொல்லி நிற்பது என்று தோன்றிவிட்டது. மருந்துக் கடைப் பக்கம் ஒதுங்கி, விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். உனக்கு வலது பக்கம்தான். அந்தக் கண்ணுக்குத்தான் தெரியாதே என்ற தைரியம்.

நீ பஸ்ஸில் ஏறிப் போகும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினேன். வந்த விஷயத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் உன்னிடம் ஒரு பொய் எழுதியது போதும்.

கிடாவைப் பற்றி இன்னும் ஒரு முடிவுக்கும் வரவில்லை.

அத்தை

ஏப்ரல் 3

அன்புள்ள அத்தைக்கு,

எனக்கு இல்லாதது இடது கண்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இவ்வளவு வருஷமாக அதற்காகவே தலைகுனிந்து நடக்கிறீர்கள், அது எந்தக் கண் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு தடவைகூட நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று நான் உங்களைப் பார்த்தேன். பலகைக்குக் கீழே சேலையும் செருப்பும், மேலே பாதித் தலையும் நன்றாகத் தெரிந்தன. என்னோடு வந்தவள்கூட, "அந்தம்மா உன்னையேதான் பார்க்கிறாங்க. தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள். நான், "இல்ல, யாரோ," என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவ்வளவு தூரம் வந்தவரை யாரோ என்றேன். ஒளிந்து நிற்கும் ஒருத்தியை என் அத்தை என்று சொல்ல வெட்கப்பட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அப்போதாவது இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. உங்கள் கடிதம் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் நம்புவீர்களா?

நீங்கள் முடிவெடுக்கும்வரை நான் காத்திருக்கப்போவதில்லை. எங்களுக்குத் தெரிந்த பண்ணையில் ஒரு கிடா பார்த்திருக்கிறேன். பின்னால் வளைந்த கொம்பு, நல்ல உடம்பு, ஆள் வந்தால் நகர்ந்து நிற்கும் கூச்ச சுபாவம். நம் குடும்பத்துக்குப் பொருத்தமானது. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே வருகிறேன். கயிற்றை நான்தான் பிடித்திருப்பேன். மாமாவிடம் கொடுக்கமாட்டேன்.

நீங்கள் கொட்டிலுக்குள் போய்விடக் கூடாது. வாசலில் நில்லுங்கள். முதலில் என்னைப் பாருங்கள், அப்புறம் கிடாவைப் பார்க்கலாம்.

உங்கள்
மருமகள்