வாசல் ரோஜாவின் மஞ்சள் திட்டு

12 நவம்பர் 2006, ஞாயிறு. பெருங்களத்தூர்.

என் பதினான்கு ரோஜாத் தொட்டிகளையும் இன்று மொட்டை மாடியிலிருந்து இறக்கிக் கேட் ஓரம் தள்ளிவிட்டார்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் ராகவனின் உத்தரவு. என் செடிப் புழுக்களின் முடி கொடித்துணியில் ஒட்டி, பிள்ளைகளுக்கு அரிப்பு வருகிறதாம்.

புழு இருந்தது உண்மை. ஆனால் அது வந்தது அவர் வீட்டு வாசலிலிருந்து. ஆடியில் நர்சரியிலிருந்து அவர் வாங்கிவந்த ரோஜாக்களில், இலைக்கு அடியில் மஞ்சள் திட்டு இருந்ததை அன்றே காட்டினேன். தாய் அந்துப்பூச்சி முட்டையிட்டு, தன் வால் முடியை உதிர்த்து மூடிவைப்பது அது.

"யாரோ மஞ்சத்தூள் கொட்டியிருக்காங்க சார். நீங்க எந்த காலேஜ்ல பூச்சி படிச்சீங்க?" என்றார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

காலேஜ் இல்லை. ஆறு வருடம் தினமும் இலையைத் திருப்பிப் பார்த்துப் படித்தேன். கண் ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்த மூன்று வாரத்தில்தான் அவர் பூச்சிகள் மாடிக்குப் பறந்து வந்து முட்டையிட்டன.

மாலையில் அவர் செடிகளின் இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து புதிய திட்டுகள். ஒன்றையும் நசுக்கவில்லை. ஒரு வாரத்தில் பொரியும். முதலில் கூட்டமாக ஒரே இலையைச் சுரண்டும். பிறகு முடி வளர்ந்து செடி முழுக்கப் பரவும்.

வாட்ச்மேன் மருந்தடிக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். என் மனைவி கமலா இரக்கப்பட்டு ராகவன் மனைவியிடம் உளறக் கூடாது. என் தொட்டிகளை ராகவனே மாடிக்குத் தூக்க வேண்டும். அதற்கு முன் தன் வாசல் புழுக்களை அவரே ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். வெறும் கையால்.