அல்லிக்குளத்தில் மஞ்சள்

வியாழன், ஜூலை 3

காலையிலேயே புழுக்கம். ரிசார்ட்டுக்கு ஐரோப்பிய ஓவியங்களின் நகல், மொத்தம் எட்டு. முடிந்தவை: அல்லிக்குளம் 3, ஆப்பிள் 1. பாக்கி: அல்லிக்குளம் 2, சூரியகாந்தி 2 (அதில் மஞ்சள் கூடினாலும் குற்றமில்லை).

முடிந்த நான்கையும் ஆட்டோவில் புதுப்பட்டினம் கொண்டுபோனேன். ஃபிரேம் போடும் பஷீர் பாய் குளத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காத. தண்ணில மஞ்சத்தூள் கரைச்ச மாரி கீது."

எனக்கு நீலமும் வெள்ளையுமாகத்தான் தெரிகிறது. பாய்க்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளி, ஜூலை 4

தூறல். தூக்கம் சரியில்லை. ஆறு துண்டு அட்டையில் வெள்ளையிலிருந்து இளமஞ்சள் வரை தீட்டி, பின்னால் எண் போட்டு, வீட்டுக்காரரைக் கலைக்கச் சொன்னேன். அடுக்க முடியவில்லை. முதல் நான்கும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தன. களைப்பாக இருக்கும் என்றார். பிறகு அவரே கண் டாக்டர் நம்பரைத் தேடினார்.

பெயிண்ட் டியூப்களில் நிறத்தின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். அசல் குளத்தை வரைந்த கிழவரும், கண்ணில் புரை வந்தபோது லேபிளைப் படித்துப் படித்துத்தான் வரைந்தாராம். அவர் எங்கே, நான் எங்கே. நகல் எடுப்பவளுக்குக் கண்ணை விட்டால் வேறென்ன? பயமாக இருக்கிறது.

திங்கள், ஜூலை 7

செங்கல்பட்டு கண் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் நின்றுகொண்டே. சொட்டு மருந்து, காத்திருப்பு, மறுபடி சொட்டு. இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்தால் நிறமெல்லாம் பளிச்சென்று தெரியும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. வலக்கண் அடுத்த திங்கள்.

வாங்க வேண்டியவை: கறுப்புக் கண்ணாடி, தலையணை உறை.

கிழவர் ஆபரேஷனுக்குப் பிறகு தன் படங்களைப் பார்த்து மிரண்டு, திருத்த உட்கார்ந்தாராம். என் நான்கையும் பாய் நேராக ரிசார்ட்டில் இறக்கிவிட்டார். திருப்பி வாங்க வேண்டும்.

புதன், ஜூலை 9

வெயில். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நெம்மேலிக்கு, ரிசார்ட்டுக்கே போனேன். வாய் திறக்கும்முன் மேனேஜர் ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், ஓனருக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சு. இந்த மஞ்சள் வேற யாருக்கும் வராதுன்றாரு. மீதியும் இதே மாரி வேணுமாம்."

தலையாட்டினேன். வெட்கம். அதைவிட சந்தோஷம். இத்தனை வருடத்தில் என் படத்தை என்னுடையது என்று யாரும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியை ஒரு மாதம் தள்ளினேன். நர்ஸ் காரணம் கேட்டார். வீட்டில் கல்யாணம் என்றேன்.