தெரிந்துகொண்டே கேட்பது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பை ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, தைலம் தேய்க்கச் சொன்னால் நாளைக்கு என்கிறார், அந்த நாளை இன்னும் வந்தபாடில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் அலுத்துக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் மனசைப் பார்க்கிறவள் என்று இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியவள் செய்த காரியத்தைக் கேள்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி, பிழைப்புக்காக வேறு பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று சலித்துக்கொண்டு வகுப்பு டீச்சர் என்னிடம் அனுப்பியிருந்தார். நான் வழக்கம்போலப் படங்களைக் காட்டி, நாய்க்கு எத்தனை கால், இது என்ன நிறம் என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்து சட்டை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். புரிந்துகொள்ளும் திறன் குறைவு, சிறப்பு வகுப்புக்கு மாற்றலாம் என்று தலைமையாசிரியைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், திங்கட்கிழமை மாற்றுவதாக முடிவானது. அங்கே போன பிள்ளை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை, அது தெரிந்தும்தான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அவள் அம்மா வரத் தாமதமானதால் என் அறையில் உட்கார்ந்திருந்தாள். நான் பீரோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், சாவி திரும்பவே இல்லை. இதை எப்படித்தான் திறக்கிறதோ தெரியலையே என்று வாய்விட்டுப் புலம்பினேன். சட்டென்று எழுந்து வந்தவள், கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க டீச்சர், கீல் இறங்கிப்போச்சு, எங்க வீட்டுக் கதவும் இப்படித்தான், மழைக்காலத்துல இன்னும் மோசம் என்று மூச்சுவிடாமல் பேசினாள். பீரோ திறந்தது, சாவியை அதிலேயே விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். இவ்வளவு பேசுற பொண்ணு அன்னைக்கு ஏம்மா ஒண்ணும் சொல்லலை என்று கேட்டேன். நாய்க்கு எத்தனை கால்னு உங்களுக்கே தெரியுமே டீச்சர், பெரியவங்க தெரிஞ்சுக்கிட்டே கேட்டா கிண்டல் பண்றாங்கன்னு அர்த்தம், அப்போ தலையைக் குனிஞ்சுக்கணும், பதில் சொன்னா வாய்க்கொழுப்புன்னு அப்பா திட்டுவார் என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பெரியவர்கள் கேட்டால் டக்கென்று பதில் சொல்வது நம் வீட்டு வழக்கம், அதையே எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அளவுகோலாக வைத்திருந்திருக்கிறேன், வைத்திருப்பதே தெரியாமல். உடனே தலைமையாசிரியையிடம் போனேன். எழுதினதை மாத்தினா நம்மளை யார் மதிப்பாங்க என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். தப்பு அவள்மேல் இல்லை, என்மேல்தான் என்று வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன் என்று அசையாமல் நின்றேன். ஒருவழியாக ஒத்துக்கொண்டார், அவள் தன் வகுப்பிலேயே இருக்கிறாள். ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை பாப்பா. முன்பு அனுப்பிய பிள்ளைகளை மறுபடி பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன், எத்தனை பேரோ என்று பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

போனில் உன்னிடமும் இதைத்தான் செய்கிறேன் என்று இப்போதுதான் உறைக்கிறது. வேலை நல்லாத்தானே போகுது, சந்தோஷமாத்தானே இருக்கே என்று பதிலையும் நானே வைத்துக்கொண்டு கேட்கிறேன், நீ ம் என்கிறாய், வைத்துவிடுகிறோம். பாப்பா பேச்சைக் குறைத்துவிட்டாள் என்று அப்பாவிடம் உன்னைத்தான் குறை சொல்வேன்.

நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து நன்றாக இரு, அப்பாவின் ஆசியும் இதில் இருக்கிறது. கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. அப்புறம் ஒன்று, நீ அங்கே சந்தோஷமாக இருக்கிறாயா? எனக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா