ரிலீவர் யாரு, டாக்டரம்மா?

ஐயா,

இன்று காலை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிஸ்டர் ஓர் எவர்சில்வர் டம்ளரை என் மூக்குக்கு நேராக நீட்டினார். உள்ளே தண்ணீரில் ஒரு பல்செட். வெளியே பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. எழுபத்தாறு வயது அம்மா ஒருவருடையது. “கழட்டச் சொன்னதும் கழட்டிக் குடுத்துட்டாங்க மேடம். தங்கமான பேஷண்ட்” என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல்செட்டுக்காக ஆபரேஷனே வேண்டாம் என்று எழுந்து நின்ற ஒருவரை எனக்குத் தெரியுமே!

பித்தப்பைக் கல்லோடு நீங்கள் வந்தபோது உங்களுக்கு எழுபத்தொன்று. நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, குறிஞ்சிப்பாடிப் பக்கம் சொந்த வீட்டோடு போய்விட்டிருந்தீர்கள். டவுன்ஷிப்புக்கு வெளியே இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில்தான் ஆபரேஷன். நான் மயக்க மருந்து கொடுப்பவள். எனக்கென்று ஓர் இடம் கிடையாது. வடலூர், பண்ருட்டி, நெய்வேலி என்று யார் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு காரில் ஓடுவேன். ஒரே நாளில் நான்கு இடம் பார்த்துவிட்டேன் என்று பெருமையடித்த காலமும் உண்டு.

முதல் நாள் மதியம் உங்களைச் சோதித்துப் பார்க்க வந்தேன். வாயை அகலத் திறக்கச் சொன்னேன், கழுத்தை நிமிர்த்தச் சொன்னேன். வயதானவர்களைத் தூங்க வைப்பது சுலபம். தூங்கிய பிறகு அவர்களுடைய மூச்சு போகும் வழியைத் திறந்து வைத்திருப்பதுதான் எங்கள் வேலையே. கழுத்து விறைத்திருக்கும், நாக்கு பின்னால் சரியும், பல் இல்லாத கன்னம் உள்ளே போய் மாஸ்க் சரியாக உட்காராது. அதனால்தான் உங்கள் வாய்க்குள் டார்ச் அடித்து அவ்வளவு நேரம் பார்த்தேன்.

“மேலயும் கீழயும் செட்டுங்களா ஐயா? நாளைக்குக் காலையில கழட்டி அம்மாகிட்ட குடுத்துடுங்க.”

“அது மட்டும் முடியாதுங்க.”

“ஏன்?”

வெளியே உங்கள் மனைவி உட்கார்ந்திருந்த கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினீர்கள். “பல்லு போயி பதினோரு வருசம் ஆவுது. இன்னி வரைக்கும் அவ என்னப் பொக்க வாயா பாத்ததில்ல. வூட்டுலகூட கதவச் சாத்திகினுதான் கழுவுவேன். வேணாங்க, கல்லு அங்கயே கெடந்துட்டுப் போவட்டும்.”

செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டீர்கள். நான்தான் இறங்கி வந்தேன். தூங்கும் வரை பல் வாயிலேயே இருக்கட்டும், தூங்கியதும் நானே கழற்றி வைக்கிறேன், அம்மா உள்ளே வருவதற்கு முன் நானே மாட்டிவிடுகிறேன் என்று சத்தியம் செய்யாத குறை. உண்மையைச் சொன்னால் அது எனக்கும் வசதிதான். பல் இருந்தால் கன்னம் நிமிர்ந்து நிற்கும், மாஸ்க் நன்றாகப் படியும். அதைச் சொல்லாமல் உங்களுக்கு ஏதோ பெரிய சலுகை கொடுத்தது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: எழுந்துவிடுவேனா? நீங்கள் அதைக் கேட்கவில்லை.

“நான் தூங்கறப்போ நீங்க எங்க இருப்பீங்க?”

“உங்க தலமாட்டுலதான்.”

“எது வரைக்கும்?”

“ஆபரேஷன் முடியற வரைக்கும்.”

“அதுக்கு அப்பால? ரிலீவர் யாரு, டாக்டரம்மா?”

எனக்குப் புரியவில்லை. நீங்கள் பம்ப் ஹவுஸ் கதையை எடுத்தீர்கள். “கரிக்கு அடியில தண்ணி முட்டிகினே இருக்குங்க. பம்பு ஓடிகினு இருந்தாத்தான் அது அடங்கி இருக்கும். இல்லன்னா தரையே பொங்கிடும். அடுத்த ஷிப்டு ஆளு, அதான் ரிலீவரு, வந்து, நேருக்கு நேரா நின்னு, இது இது இப்பிடி இப்பிடின்னு சொல்லி ஒப்படைச்சாத்தான் நாங்க எடத்த வுட்டு எழுந்துப்போம். அவன் வரலையா, அந்த ஷிப்டும் நாமதான். எம் பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கே தாம்பூலம் மாத்தனப்புறம்தான் போய்ச் சேந்தேன்.”

“சிஸ்டர் இருக்காங்க ஐயா, பாத்துப்பாங்க” என்றேன். தலையை ஆட்டினீர்கள். அந்த ஆட்டலில் துளியும் நம்பிக்கை இல்லை. எனக்கு லேசாகக் கோபம்கூட வந்தது.

மறுநாள் ஆபரேஷன் அலுங்காமல் முடிந்தது. கூப்பிட்டதும் கண் திறந்தீர்கள், கையைப் பிடி என்றதும் பிடித்தீர்கள், இருமினீர்கள். தொண்டைக்குள் இருந்த டியூபை எடுத்துவிட்டு உங்களைப் பக்கத்து அறைக் கட்டிலுக்கு மாற்றினோம். பண்ருட்டியில் அடுத்த ஆபரேஷன். போன் வந்துகொண்டே இருந்தது. “மேடம், கிளம்பிட்டீங்களா?” என்றார் அந்த சர்ஜன். “வந்துக்கிட்டே இருக்கேன்” என்று நின்ற இடத்தில் நின்றபடியே சொன்னேன். எங்கள் தொழிலில் இந்தப் பொய்யைச் சொல்லாதவர்கள் கிடையாது.

சிஸ்டர் அடுத்த அறையில் ஒருவருக்கு டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். வாசல் வரை போய்விட்டேன். அங்கே உங்கள் கேள்வி வந்து குறுக்கே நின்றது. இந்த மனிதர் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுத் தொலைத்தாரே என்று உங்களைத் திட்டிக்கொண்டேதான் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். சிஸ்டர் வரட்டும், நேருக்கு நேர் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தீர்கள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, குறட்டை நின்றது. வழியில் போகிறவர்கள் பார்த்தால் நல்ல தூக்கம் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் வயிறு ஏறும்போது நெஞ்சு இறங்கியது. வாய்க்கு எதிரே உள்ளங்கையை வைத்தேன். காற்றே இல்லை. தசைகளைத் தளர்த்தக் கொடுத்த மருந்து உங்கள் வயதில் மெதுவாகத்தான் உடம்பை விட்டுப் போகும். என் கையைப் பிடிக்கும் அளவுக்குப் பலம் வந்திருந்தது, நாக்கைத் தாங்கும் அளவுக்கு வரவில்லை.

சிஸ்டரைக் கத்திக் கூப்பிட்டேன். மாஸ்க்கை வைத்துக் காற்றுப் பையை அழுத்தினால், ஒட்டிப்போன கன்னத்தோரம் காற்று புஸ்ஸென்று வெளியே போனது. பிறகு தாடையையும் மாஸ்க்கையும் சேர்த்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். சிஸ்டர் பையை அழுத்தினார். மூன்றாவது தடவை உங்கள் நெஞ்சு ஏறியது. அந்த நிமிடம் எனக்கு வந்த அழுகையை அடக்கிக்கொண்டேன். மருந்தின் வீரியத்தை முறிக்க இன்னொரு ஊசி போட்டு, நீங்களாகவே மூச்சு விடும் வரை அரை மணி நேரம் அந்தத் தாடையை விடவில்லை. பண்ருட்டிப் போன் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

முழுதாக விழித்ததும் உங்கள் கை முதலில் தேடியது வாயைத்தான். பல்செட்டை மாட்டிவிட்ட பிறகே அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஆபரேசன் பண்ண ஆளு மாரியா இருக்குது? மத்தியானம் தூங்கி எழுந்தாப்ல இல்ல இருக்குது!” என்றார். நீங்கள் பல் முழுவதும் தெரியச் சிரித்தீர்கள்.

ஒரு வாரம் கழித்து வந்தீர்கள். “தொண்டையில என்னாத்தங்க வுட்டீங்க? முந்திரிப் பழம் தின்னாப்ல கரகரங்குது” என்று புகார். அதன்பிறகு குறிஞ்சிப்பாடி வழியாகப் போகும்போதெல்லாம் உங்கள் வீட்டில் நின்று ஒரு காபி குடிக்காமல் நான் போனதில்லை. ஒவ்வொரு முறையும் அதே கிண்டல்: “ஒரு ஊசியப் போட்டுட்டு சும்மா ஒக்காந்துகினு இருக்கறதுக்கா அத்தினி வருசம் படிச்சீங்க?” நானும் “ஆமாம் ஐயா, சுகமான வேலை” என்பேன். அன்று நடந்ததை ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவீர்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இந்த மாசியில் ஒரு நாள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. அம்மா போன் செய்தார். வந்தேன். கூட்டம் கொஞ்சம் விலகியதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“ஆபரேசன் அன்னிக்கு கண்ணத் தொறந்தா உங்க மொகம் தலகீழா தெரிஞ்சிதாம்மா. மூக்கு நுனியிலேர்ந்து வேர்வ சொட்டிகினு இருந்துதாம். ‘சும்மா ஒக்காந்துகினு இருந்தவங்களுக்கு எதுக்குடி அப்பிடி வேர்க்கணும்? என்னமோ நடந்திருக்குது’ன்னு சொல்லுவாரு. உங்ககிட்ட மட்டும் கேக்கக் கூடாதுன்னுட்டாரு. சங்கடப்படுவீங்களாம்.”

உங்கள் உறவினர்கள் எல்லோரும் பார்க்க, உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். யாரோ ஒரு டாக்டர் எதற்கு இப்படி அழுகிறாள் என்று அவர்களுக்கு விளங்கியிருக்காது. ஒன்பது வருடமாக நான் உங்களிடம் மறைக்கிறேன் என்று நினைத்திருக்க, மறைத்தது நீங்கள்!

ஆனால் ஒன்று உங்களுக்கும் தெரியாது, ஐயா. நான் திரும்பி வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபோது பை என் தோளில்தான் இருந்தது. கார் சாவி கையில் இருந்தது. நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் போயிருப்பேன். அதற்கு முந்தைய வாரம் போனேன், அதற்கு முன் பல வருடங்கள் போனேன். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு இடத்துக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. இன்று அந்தப் பல்செட் அம்மா எழுந்து உட்கார்ந்து காபி கேட்ட பிறகே கிளம்பினேன். ரொம்ப இழுக்கிறாள் என்று சில சர்ஜன்கள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், பரவாயில்லை.

உங்களுக்கு முன்னால் நான் தூங்க வைத்துவிட்டு அப்படியே விட்டுப்போன வயதானவர்கள் எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது. அத்தனை பேரும் பிழைத்தார்கள். கைராசிக்காரி என்று இந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு பேர் உண்டு. என்னைப் பார்த்ததும் கிழவர்கள் கும்பிடுகிறார்கள். பதிலுக்கு நானும் கும்பிடுகிறேன், ஐயா. நான் போன பிறகும் அவர்கள் தாங்களாகவே மூச்சு விட்டார்கள் என்பதற்காக.