கவிஷனின் காவடிப் படம்

அன்புள்ள மகள் ஆரணிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம், பெர்லினில் நீயும் சுகமாய் இருக்க முருகன் துணை என்றுதான் எப்போதும் தொடங்குவேன், இன்றைக்கும் அப்படியே வைத்துக்கொள். அம்மாவின் முழங்காலைக் காட்ட ஒருவழியாய் டொக்டரிடம் டெர்மின் கிடைத்துவிட்டது. நீ போன் அடித்தும் நான் எடுக்கவில்லை என்று அவவிடம் குறைப்பட்டாயாம். எடுத்தால் கத்திப்போடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மேல்மாடிக் கலாதேவி அக்காவின் மகன் கவிஷனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றதைப் பற்றி எழுதாத பேப்பர் இல்லை. அவன் கையில் கத்தி இருந்தது, நான் மறைக்கவில்லை. மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தான், அதுவும் உண்மை. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்று அம்புலன்சைக் கூப்பிட்டதே தாய்தான், வந்தது பொலிஸ், அதுவும் உண்மை. இந்த மூன்றையும் சேர்த்து எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை. கடை வாசலில் தொங்குகிற பேப்பருக்குக் கத்தி மட்டும் போதும். லண்டன் தமிழ் இணையத்தளம் நோயை விழுங்கிவிட்டு வீரத் தமிழன் என்கிறது, அவனுக்கே தெரியாத வீரம். பொலிசைத் திட்டுகிற பேப்பர் ஒரு பக்கம் நிறைய எழுதியும் அவன் பெயரைப் போடவில்லை, வெறும் அகதிகளின் பிள்ளையாம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்.

நீ வேலை செய்கிற பேப்பர் அப்படிச் செய்யாது என்று நம்பினேன். நீ படம் கேட்டாய், நான் வெட்கத்தை விட்டு அந்தத் தாயிடம் போய்க் கேட்டேன். அவ அல்பம் முழுக்கத் தேடி, அவுஸ்பில்டுங் தொழிற்படிப்பு முடித்துச் சான்றிதழோடு நின்ற படத்தை ஒதுக்கிவிட்டு, தேர்த்திருவிழாவில் கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுத்த படத்தைத் தந்தா. இதைப் பாத்தா என்ர பிள்ளை கெட்டவன் எண்டு ஆர் அண்ணை சொல்லுவினம் என்றா. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் நீ இங்கே ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவள், டொச்சுக்காரன் அதை என்ன கண்ணால் பார்ப்பான் என்று உனக்குத் தெரியாதா? காவடியை வெட்டி, பின்னால் பாற்செம்போடு நின்ற தாயையும் வெட்டி, வெற்றுடம்பும் வாயில் இரும்புமாய் அவனைப் போட்டு, கத்தியோடு பாய்ந்தவர் யார் என்று மேலே கேட்டிருக்கிறீர்கள். தலைப்பும் படமும் தன் வேலை இல்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். கீழே ஆரணி தம்பித்துரை என்று இருக்கிறது மகள். அதில் பாதி என் பெயர். கோயிலுக்குப் போக எனக்குக் கூச்சமாய் இருக்கிறது.

கலாதேவி அக்காவுக்கு டொச் கதைக்க வரும், வாசிக்க வராது. அந்தப் பக்கத்தை வெட்டிச் சாமியறையில் வைத்திருக்கிறா. வாறவர்கள் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் போகிறார்கள். என்னை வெட்டினது நல்லது, பிள்ளை படத்தில் தெளிவாய் விழுந்திருக்கிறான் என்றா. மேலே என்ன எழுதியிருக்கு என்று என்னிடம் கேட்டா, கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குள் திரியாதே, முருகன் உன்னைக் கைவிடமாட்டான். வாற ஞாயிறு கவிஷனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, கட்டாயம் வா. கலாதேவி அக்கா உனக்கு நன்றி சொல்லச் சொன்னா, சொல்லிவிட்டேன். எழுதின பிள்ளையே வந்து வாசிச்சுக் காட்டட்டும் என்று காத்திருக்கிறா.

இப்படிக்கு,
அப்பா
தம்பித்துரை