மீன் உள்ளே இருக்கிறது, பிளக்கைப் பிடுங்காதே

வெர்ன்,

கடைக்குப் போகிறேன். சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக் குடி. காபி மெஷினை மாட்டுகிறேன் என்று லேப்டாப் பிளக்கை மட்டும் பிடுங்கிவிடாதே. அதன் பேட்டரி செத்து வருஷமாகிறது. விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் குடிவைக்கிறேன். வந்தவன் பாதி டிஸ்க் கேட்டான், கால்வாசிக்கு இறக்கினேன். பழையவன் இப்போதுதான் சாமான்களை ஒதுக்கி இடம் விடுகிறான். நடுவில் கரண்ட் போனால் இரண்டு பேருமே தெருவில்தான்.

ஏரிப் பனியைத் துளைத்து நீ பிடித்த மீனின் படத்தை முதலில் பென்டிரைவில் பத்திரப்படுத்தினேன். பிறகு அதே பென்டிரைவில்தான் லினக்ஸை ஏற்றினேன். அது உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டது. சிரிக்காதே. ஆக, உன் மீன் இப்போது அந்த டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஆர்வில் அந்த மீன் படத்தைப் பார்க்க வருவான். "மீன் வீடு மாறுதுப்பா, நாளைக்கு வா"ன்னு சொல்லி அனுப்பு.

மார்லீன்

பி.கு: ஞாயிற்றுக்கிழமை உன் மீனைத் தூண்டில் இரை அளவுதான் என்று நான் சொன்னது தப்புதான்.

இன்னொன்று: படம் தானாக அழிந்துபோனால், நீ சொன்னதைவிட மீன் ஒரு முழம் கூடுதல் நீளம் என்று ஆர்வில் முன்னால் பைபிள்மேல் கைவைத்துச் சொல்கிறேன். பிளக்கைத் தொட்டது நீ என்றால், அது இரைதான்.